திங்கட்கிழமை கெண்ட் நகரம்: ஏஜென்டிடம் பாஸ் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் ஜெர்மனியில் கொலோன் நகரில் இருக்கிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார், மாமியாரோடு பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்துக்குக் காரில் ஒரு நாள் போய்வர ஆசை. எங்களுக்கு வசதிப்படுவது ஒரு திங்கட்கிழமை. பிள்ளைகளுக்கு 11, 16 வயது. மாமனார் முப்பது வருடம் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவர். இப்போது முழங்கால் வலி, அதிகம் படி ஏற முடியாது. தெரிந்தவர் மூலம் வந்த ஏஜென்ட் ஒருவர், "எல்லா மியூசியத்துக்கும் ஒரே பாஸ், வரிசையில் நிற்க வேண்டாம்" என்று சொல்லி ஆறு பேருக்கும் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? அந்தப் புகழ்பெற்ற ஆட்டுக்குட்டி ஓவியத்தை முழுதாகப் பார்க்க முடியுமா?

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். அவர் நல்லவரா கெட்டவரா என்று நான் ஆராயப்போவதில்லை. அவர் விற்கும் பொருள் உங்கள் ஒரு நாள் பயணத்துக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

முதலில் கிழமையைப் பார்ப்போம். திங்கட்கிழமை "எல்லா மியூசியமும்" என்ற பேச்சுக்கே இடமில்லை. கெண்டின் நுண்கலை அருங்காட்சியகமான எம்.எஸ்.கே. அன்று விடுமுறை. அதற்கு எதிரே இருக்கும் நவீனக் கலைக்கான ஸ்மாக், பழைய மனநல மருத்துவமனைக்குள் இருக்கும் டாக்டர் கிஸ்லான் அருங்காட்சியகம் இரண்டும் அப்படியே. ஆனால் நகர வரலாற்றைச் சொல்லும் ஸ்டாம், தொழில் அருங்காட்சியகம், பழைய வீட்டு வாழ்க்கையைக் காட்டும் ஆலெய்ன் இல்லம் ஆகிய மூன்றும் திங்களன்று திறந்திருக்கும், புதன்கிழமைதான் மூடும். ஒரே ஊர், பாதி திங்கள் மூடும், பாதி புதன் மூடும். வருகிற குடும்பம் இதை எப்படித் தெரிந்துகொள்ளும்? ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி இணையப் பக்கம், தனித்தனிப் பதிவு. எல்லாக் கிழமைகளையும் பெரிய எழுத்தில் ஒரே அட்டவணையாகப் போட்டுவிட்டால் பாதி ஏஜென்டுகளுக்குப் பிழைப்பே இருக்காது. வருடக்கணக்காக இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

அடுத்து பாஸ். கெண்ட் நகரமே ஒரு கார்டு விற்கிறது. 48 மணி நேரத்துக்கு ஒன்று, 72 மணி நேரத்துக்கு ஒன்று. அருங்காட்சியகங்கள், கிராவென்ஸ்டேன் கோட்டை, ட்ராம், பஸ், படகுச் சவாரி எல்லாம் அதில் சேர்த்தி. இரண்டு நாள் தங்கி நாலைந்து இடம் பார்ப்பவர்களுக்கு உண்மையிலேயே லாபம். உங்கள் ஏஜென்ட் பெரும்பாலும் இதையேதான் வேறு பெயரில், மேலே ஒரு தொகை வைத்து விற்கிறார். காலையில் போய் மாலையில் திரும்பும் நீங்கள் 48 மணி நேரத்துக்குப் பணம் கட்டி எட்டு மணி நேரம் பயன்படுத்துவீர்கள். அந்தக் கார்டுதான் வேண்டும் என்றால்கூட, கோட்டைக்கு எதிரே பழைய மீன் சந்தைக் கட்டடத்தில் நகரின் சுற்றுலா அலுவலகம் இருக்கிறது, அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். நடுவில் ஆள் எதற்கு?

இதைவிட எனக்குக் கோபம் வருவது பிள்ளைகள் விஷயத்தில்தான். கெண்டின் நகர அருங்காட்சியகங்களில் 19 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு நுழைவு இலவசம். உங்கள் 11 வயதுக்காரருக்கும் 16 வயதுக்காரருக்கும் அங்கே டிக்கெட்டே தேவையில்லை. அவர்களுக்கும் சேர்த்து ஆறு பேர் என்று கணக்குப் போடும் ஏஜென்டுக்கு இது தெரியாமல் இருக்காது. கோட்டையில் மட்டும் பெரிய பிள்ளைக்குச் சிறு கட்டணம் கேட்கலாம். ஆட்டுக்குட்டி ஓவியம் இருப்பது பேராலயத்தில், அங்கே வேறு கணக்கு, அதற்கு வருகிறேன்.

"வரிசையில் நிற்க வேண்டாம்" என்ற வாக்குறுதிக்கும் அர்த்தம் கிடையாது. கெண்டில் கூட்டம் சேரும் முக்கியமான இடம் புனித பாவோ பேராலயம். அங்கே ஓவியத்தைப் பார்க்க நேரம் குறித்த டிக்கெட் முறை இருக்கிறது. குறித்த நேரத்துக்குப் போனால் உள்ளே விடுவார்கள். நேரம் குறிக்காத தாளோடு போனால், யார் அச்சடித்துக் கொடுத்த தாளாக இருந்தாலும், இடம் இருந்தால்தான் உண்டு. நான் திட்டம் போட்டுக் கொடுத்த ஒரு குடும்பம், மலிவாகக் கிடைக்கிறதே என்று கடைசி நேரத்தில் ஓர் இடைத்தரகர் தளத்தில் டிக்கெட் வாங்கிவிட்டது. நேரம் போடாத ரசீது. இரண்டு மணி நேரம் வாசலில் நின்றுவிட்டு, பார்க்காமலே ரயிலேறிவிட்டார்கள். பாஸ் கையில் இருப்பதும் நேரம் கையில் இருப்பதும் ஒன்றல்ல. பேராலயத்தின் சொந்த இணையதளத்தில் நீங்களே பதியுங்கள். தேடும்போது மேலே வரும் விளம்பரத் தளங்கள் அசல் போலவே இருக்கும். முகவரியைப் படித்துப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

சரி, ஓவியத்துக்கு வருவோம். நீங்கள் ஆட்டுக்குட்டி ஓவியம் என்று சொல்வதை அந்த ஊர்க்காரர்கள் "லாம் கோட்ஸ்" என்பார்கள், இறைவனின் செம்மறி என்று பொருள். ஹூபர்ட் வான் எய்க் தொடங்கி, அவர் 1426-ல் இறந்தபின் தம்பி யான் வான் எய்க் 1432-ல் முடித்தது. ஒரே சட்டத்தில் மாட்டிய படமாகக் கற்பனை செய்யாதீர்கள். கதவுபோல் திறந்து மூடும் ஓக் பலகைகள், மொத்தம் 12. திறந்தால் ஒரு காட்சி, மூடினால் வேறு காட்சி. புல்வெளியின் நடுவே பலிபீடத்தின்மேல் செம்மறி நிற்கிறது, நான்கு பக்கமிருந்தும் மக்கள் கூட்டம் வருகிறது. ஒவ்வொரு புல்லும் ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரியும். ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் போதாது, அரைமணி நேரமாவது ஒதுக்குங்கள்.

முழுதாகப் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 1934-க்குப் பிறகு அதை முழு அசலாக யாருமே பார்த்ததில்லை. அந்த வருடம் ஏப்ரலில் ஒரு இரவு இரண்டு பலகைகள் திருடு போயின. ஒன்று திரும்பி வந்தது. "நீதியுள்ள நீதிபதிகள்" என்ற கீழ்வரிசைப் பலகை இன்றுவரை வரவில்லை. இப்போது அந்த இடத்தில் இருப்பது பின்னாளில் வரைந்து வைத்த நகல். திருட்டில் சம்பந்தப்பட்டதாகச் சொல்லப்படும் ஒருவர், அது இருக்கும் இடம் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று சாகும் தறுவாயில் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். உங்கள் 16 வயதுக்காரரிடம் காரிலேயே இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். உள்ளே போனதும் முதலில் இடது ஓரத்தில் அந்தப் பலகையைத்தான் தேடுவார்.

இன்னொரு விஷயம் இருக்கிறது, இதைக் கொஞ்சம் விளக்கியே சொல்ல வேண்டும். 2012 முதல் இந்த ஓவியத்தைக் கட்டம் கட்டமாகச் சுத்தம் செய்துவருகிறார்கள். முதலில் வெளிப்பக்கம், பிறகு 2019 வரை உட்பக்கத்தின் கீழ்வரிசை. 16-ஆம் நூற்றாண்டில் யாரோ மேலே பூசிய வண்ணத்தை நீக்கியபோதுதான் செம்மறியின் அசல் முகம் வெளியே வந்தது. நேராக நம்மைப் பார்க்கும், மனிதக் கண் போன்ற கண்கள். 2023-ல் மூன்றாம் கட்டமாக உட்பக்க மேல்வரிசைக்கு வேலை தொடங்கியது. இந்த வேலை பேராலயத்தில் நடப்பதில்லை, எம்.எஸ்.கே. அருங்காட்சியகத்தில் ஒரு கண்ணாடி அறைக்குள் நடக்கிறது. வேலையிலுள்ள பலகைகள் அங்கே இருக்கும், பேராலயத்தில் இருக்காது. மற்ற நாட்களில் வருபவர்கள் காலையில் பேராலயத்தில் பெரும்பகுதியையும், மாலையில் எம்.எஸ்.கே.யில் மீதியைக் கண்ணாடி வழியாகவும் பார்த்துவிடலாம். திங்களன்று வருபவர்களுக்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது. பேராலயம் திறந்திருக்கும், பலகை இருக்கும் அருங்காட்சியகம் மூடியிருக்கும். அதனால் டிக்கெட் பதியும் முன், உங்கள் தேதியில் எந்தப் பலகைகள் எங்கே இருக்கின்றன என்று பேராலயத்தின் அறிவிப்பைப் படியுங்கள். எல்லாம் பேராலயத்துக்குத் திரும்பிவிட்டதாகப் போட்டிருந்தால் உங்கள் திங்கட்கிழமைக்கு ஒரு குறையும் இல்லை. மேல்வரிசையில் ஏதாவது இல்லை என்றால், செம்மறி இருக்கும் கீழ்வரிசை வேலை முடிந்தது என்பதால் நீங்கள் தேடிப் போகும் காட்சி கிடைத்துவிடும். ஏமாற்றம் வேண்டாம். ஆனால் தெரிந்துகொண்டு போங்கள். இந்த ஒரு தகவலை எந்த ஏஜென்டும் வாய்திறந்து சொல்லி நான் கேட்டதில்லை.

பேராலயத்துக்குள் நுழைய, கூடத்தையும் பீடங்களையும் பார்க்கக் கட்டணம் இல்லை. ஓவியத்துக்கு மட்டும்தான் டிக்கெட். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஓவியம் மட்டும். மற்றது, நிலவறையில் தலையில் ஒரு கண்ணாடிக் கருவியை மாட்டிக்கொண்டு ஓவியத்தின் கதையைக் கண்முன் பார்த்துவிட்டு அசலுக்கு வருவது. பெரிய பிள்ளைக்கு அது பிடிக்கும். பெரியவர்களுக்கு வேண்டாம், தலையில் கருவியோடு நிலவறையில் நடப்பது அவர்களுக்குச் சிரமம். 2021-ல் புதிய பார்வையாளர் மையம் கட்டியபோது லிஃப்ட் வைத்துவிட்டார்கள். மாமனாரை நம்பிக்கையாகக் கூட்டிப் போகலாம். பெரிய முதுகுப்பை எடுத்துப் போகாதீர்கள்.

அப்புறம், உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்ட விஷயம்தான் என் மனதில் நிற்கிறது. முப்பது வருடம் ஸ்பின்னிங் மில்லில் இருந்த மனிதரைக் கெண்டுக்குக் கூட்டிப் போகிறீர்கள். அது பஞ்சாலைகளால் வளர்ந்த ஊர். 1790-களின் இறுதியில் லீவன் பாவென்ஸ் என்ற வியாபாரி, ஏற்றுமதிக்குத் தடை இருந்த நூற்பு இயந்திரத்தின் பாகங்களை இங்கிலாந்திலிருந்து கடத்திக்கொண்டு வந்தார். இங்கிலாந்தில் அவருக்குத் தண்டனை விதித்தார்கள், கெண்டில் சிலை வைத்தார்கள். அந்த மியூல் வகை இயந்திரம் தொழில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கட்டடமே ஒரு பழைய பஞ்சாலைதான். ரிங் பிரேம் என்ற இன்றைய நூற்பு இயந்திரத்தைப் பார்த்துப் பழகிய கைக்கு, முன்னும் பின்னும் நகர்ந்து நூலை இழுக்கும் அந்தப் பழைய இயந்திரத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவரே பேரப்பிள்ளைகளுக்கு விளக்குவார். மேல்தளச் சன்னல்களிலிருந்து நகரத்துக் கோபுரங்களும் தெரியும். ஏஜென்டுகளின் பட்டியலில் இந்த இடம் கடைசியில்தான் வரும். உங்கள் குடும்பத்துக்கு இதுதான் முதலிடம்.

கிராவென்ஸ்டேன் கோட்டையும் திங்களன்று திறந்திருக்கும். 1180-ல் கட்டியது. அதற்குள்ளும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பஞ்சாலை ஓடியது என்பதை மாமனாரிடம் சொல்லுங்கள், ஆனால் உள்ளே ஏற்றாதீர்கள். வளைந்து வளைந்து ஏறும் குறுகலான கல்படிகள், அவர் முழங்காலுக்கு ஆகாது. பிள்ளைகளோடு நீங்களும் கணவரும் மாறி மாறி ஏறுங்கள். பெரியவர்கள் எதிரே உட்கார்ந்து ஒரு காபி குடிக்கட்டும். ஸ்டாமையும் ஆலெய்ன் இல்லத்தையும் இந்தமுறை விட்டுவிடலாம். ஒரே நாளில் மூன்று இடத்துக்கு மேல் போனால் எதுவும் மனதில் தங்காது.

என் கணக்கு இதுதான்: காலை பதினொரு மணி வாக்கில் பேராலயம், சாப்பாடு, அதன்பின் தொழில் அருங்காட்சியகம், தெம்பு இருந்தால் கோட்டை. எல்லாம் ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள்தான். ஆனால் தெருக்கள் கருங்கல் பாவியவை, மாமனாருக்குக் கைத்தடி எடுத்துக்கொள்ளுங்கள்.

காரை நகர மையத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். 2017 முதல் மையப் பகுதியில் பல தெருக்கள் வெளி வண்டிகளுக்கு இல்லை, கேமரா பிடித்துவிடும். வெளிநாட்டு எண் கொண்ட கார்களுக்குப் புகைக் கட்டுப்பாட்டு மண்டலத்தின் பதிவு விதியும் உண்டு. அதை நகராட்சி இலவசமாகவே செய்கிறது. அதற்கும் காசு வாங்கும் தளங்கள் முளைத்திருக்கின்றன. நகர எல்லையிலுள்ள வாகன நிறுத்தத்தில் காரை விட்டுவிட்டு ட்ராமில் ஏறுங்கள், அந்தத் தொல்லையே வேண்டாம். லியேஜ் வழியாக வரும்போது பிரெஞ்சு மொழிப் பகுதியில் வழிகாட்டிப் பலகைகளில் கெண்ட் என்று இருக்காது, "காந்த்" என்று இருக்கும். ஊர் ஒன்றுதான், தவறவிட்டதாக நினைத்துத் திரும்பிவிடாதீர்கள்.

பிள்ளைகளின் விடுமுறை இடம் கொடுத்தால் பயணத்தைச் செவ்வாய்க்கு மாற்றுங்கள். எம்.எஸ்.கே. உட்பட எல்லாம் திறந்திருக்கும். புதனுக்கு மட்டும் தள்ளாதீர்கள், அன்று மாமனாரின் பஞ்சாலை மூடியிருக்கும்.