ஒரு வயதுகூட நிரம்பாத பெயின்ட் (வெள்ளைத் திட்டுகள் கொண்ட அமெரிக்கக் குதிரை இனம்) ஆண் குதிரைக் குட்டியை விற்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் காயடித்துவிடுங்கள், அப்புறம் விற்கலாம்.

டெக்சாஸில், ஃபோர்ட் வொர்த்துக்கு மேற்கே இருக்கிறோம். இரண்டு பெட்டைக் குதிரைகள் வைத்திருக்கிறோம். போன வருடம் நானும் இப்படி ஒரு குட்டியை விற்றேன். செம்பழுப்பு உடம்பு, இடது விலாவில் ஓரம் பிசிறிய பெரிய வெள்ளைத் திட்டு, முகம் முழுக்க வெள்ளை, ஒரு கண் நீலம். பார்த்தவர்கள் எல்லோரும் பொலிகுதிரையாக வளர்க்கச் சொன்னார்கள். பெயின்ட் சங்கமே, வெள்ளை அதிகம் என்று குவார்ட்டர் குதிரை என்ற அமெரிக்க இனத்தின் பதிவேடு ஒதுக்கிய குட்டிகளுக்காக 1960களில் உருவானதுதான். அதனால் இங்கே நிறத்துக்கு மவுசு அதிகம்.

பிடரியிலிருந்து ஒரு கொத்து முடியை வேரோடு பிடுங்கி மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினோம். நினைத்தபடியே அவனிடம், இப்படி விலாவில் பிசிறிய வெள்ளைத் திட்டைத் தரும் ஃபிரேம் ஓவெரோ மரபணு ஒரு பிரதி இருந்தது. அதனால் அவனுக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் அதே மரபணு உள்ள பெட்டையோடு சேர்ந்தால், பிறக்கும் குட்டிக்கு இரண்டு பிரதியும் போய்ச் சேர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அந்தக் குட்டி ஏறக்குறைய முழு வெள்ளையாகப் பிறக்கும். எழுந்து நிற்கும், பால் குடிக்கும். குடலில் நரம்புகள் சரியாக உருவாகாததால் லத்தி மட்டும் வெளியே வராது. வயிற்று வலியில் புரண்டு புரண்டு சில நாளில் செத்துவிடும். மருந்து கிடையாது. பரிசோதிக்காத ஒரு பெட்டையோடு இவனை யாராவது சேர்த்துவிட்டால் என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் போய்விடும்.

ஏழாம் மாதம், ஈக்கள் குறைந்த குளிர்காலத்தில் காயடித்தோம். இரண்டு விதையும் இறங்கியிருக்கிறதா என்று டாக்டர் முதலில் தடவிப் பார்ப்பார். ஒன்று உள்ளேயே தங்கியிருந்தால் அது பெரிய அறுவைச் சிகிச்சை.

காகிதங்கள்: சங்கப் பதிவு (வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறும்), நீங்கள் கையெழுத்திட்ட உரிமை மாற்றப் படிவம், காகின்ஸ் ரத்தப் பரிசோதனை (குதிரைகளுக்கு வரும் தொற்று ரத்தசோகை இல்லை என்று காட்டுவது), மரபணு முடிவு. கடைசியதை வாங்குபவர் கேட்காவிட்டாலும் கையில் கொடுங்கள்.

பழக்கம்தான் அதைவிட முக்கியம். தினமும் பத்து நிமிடம் தலைக்கயிறு போட்டு நடத்தினேன், நாலு குளம்பையும் தூக்கிப் பிடித்தேன். டிரெய்லரில் ஏற மட்டும் மூன்று வாரம் அடம் பிடித்தான். முன்கால் இரண்டையும் பலகையில் வைத்து, மூக்கால் ஊதிப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவான். இழுக்கவே இல்லை. உள்ளே வைக்கோலைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். ஒருநாள் தானாகவே ஏறினான்.

காயடிக்கும் முன்பே, அப்படியே கொடுத்தால் கூடுதல் விலை தருவதாக ஒருவர் வந்தார். மறுத்துவிட்டேன். ஏற்கெனவே வயதான குதிரை ஒன்று வைத்திருந்த குடும்பத்துக்குக் கொடுத்தேன். இந்த வயதில் குட்டி தனியாக நிற்கக் கூடாது. மறுபடி விற்பதாக இருந்தால் முதலில் எங்களிடம் சொல்ல வேண்டும் என்று விற்பனைச் சீட்டிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கினேன். நீங்களும் அப்படியே எழுதி வாங்குங்கள்.