வெயிலில் நிறுத்தினால் வாரண்டி போய்விடுமா?

கேள்வி: புதிதாக வாங்கிய என் ஸ்போர்ட்ஸ் காருக்கு மூன்று ஆண்டு வாரண்டி உண்டு. 26-ஆவது மாதத்தில் டாஷ்போர்டின் தோல் உறை சுருங்கி, முன்கண்ணாடியை ஒட்டிய ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொண்டுவிட்டது. பயணி பக்கத்து ஏர்பேக் மூடியின் மேலும் அலை அலையாக எழும்பியிருக்கிறது. வெயிலில் நிறுத்தியதும் வெளியில் வாங்கிய தோல் பாலிஷைப் பூசியதுமே காரணம் என்று விற்பனையாளர் கைவிரிக்கிறார். ‘நல்லெண்ண அடிப்படையில்’ பாதிச் செலவை ஏற்பதாகச் சொல்லி, ஒரு கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: அந்தக் கடிதத்தில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். ‘முழுமையான, இறுதித் தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்’ என்ற வரி இத்தகைய கடிதங்களில் எங்காவது ஒளிந்திருக்கும். நாளை புதுத் தோலும் சுருங்கினால் நீங்கள் வாய் திறக்க முடியாது. பாதிப் பணத்தை வாங்குவதில் தவறில்லை. ‘என் மற்ற உரிமைகளுக்குப் பாதகமின்றி’ என்று எழுதிக்கொடுத்து வாங்க முடிந்தால் வாங்குங்கள்.

வெயில் என்ற வாதம் கேட்பதற்குப் பலமாக இருக்கும், சட்டத்தின் முன் அவ்வளவாக நிற்காது. கார் வெயிலில் நிற்கும் என்பது அதைத் தயாரிப்பவருக்குத் தெரியாத செய்தியா? வெளியே 38 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக இருந்த நாட்களில், ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்திய கார்களின் டாஷ்போர்டு சராசரியாக 69 டிகிரியைத் தொட்டதாக 2018-இல் வெளியான அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு கூறுகிறது. ஸ்போர்ட்ஸ் காரில் முன்கண்ணாடி நன்றாகச் சாய்ந்திருப்பதால் டாஷ்போர்டின் மேற்பரப்பு இன்னும் அகலமாக வெயிலுக்கு முகம் காட்டுகிறது. அந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்ததும் அதன்மேல் தோலைப் போர்த்தியதும் தயாரிப்பாளர்தான். எதிர்பார்க்கத்தக்க பயன்பாட்டைத் தாங்காத பொருள் குறையுள்ள பொருள் என்று வாதிட இது நல்ல அடிப்படை.

வாரண்டிப் புத்தகத்தை எடுத்து விலக்குப் பகுதியை வரி வரியாகப் படியுங்கள். ‘சுற்றுச்சூழல் பாதிப்பு’ என்ற தலைப்பின் கீழ் பெரும்பாலும் அமில மழை, பறவை எச்சம், மரப்பால், வெள்ளம், புயல் என்றுதான் இருக்கும். அன்றாட வெயிலை அதற்குள் நுழைப்பது வலிந்து பொருள் கொள்வது. வாசகம் இருபொருள் தந்தால், அதை எழுதியவருக்கு எதிராகவே பொருள் கொள்வது நீதிமன்றங்களின் பழைய வழக்கம். ‘இயல்பான தேய்மானம்’ என்று சொன்னாலும் மசியாதீர்கள். இருக்கையின் ஓரம் ஏறி இறங்கித் தேயும்; கையே படாத டாஷ்போர்டு மூலை எதில் தேய்ந்தது?

பாலிஷ் விஷயத்தில்தான் கொஞ்சம் கவனம் தேவை. கார்களில் வரும் தோலில் பெரும்பாலானவற்றின் மேல் நிறமி கலந்த பாலியூரித்தேன் பூச்சு இருக்கும். மேலே தடவுவது அதிகம் உள்ளே இறங்காது. பாலிஷ் கெடுத்திருந்தால் பிசுபிசுப்பு, நிறம் போதல், பூச்சில் வெடிப்பு போன்றவை துடைத்த இடத்தில்தான் தெரியும். உங்கள் காரில் நடந்திருப்பது வேறு. வெப்பத்தில் தோல் ஈரப்பதத்தை இழந்து பரப்பு குறைகிறது. கீழே உள்ள பசையும் இளகுகிறது. இழுவிசை ஓரத்தில் குவிந்து அங்கே முதலில் பிய்கிறது. துணியே எட்டாத கண்ணாடி இடுக்கில் தூக்கியிருப்பது உங்களுக்குச் சாதகமான சாட்சி. ஆனால் காரத்தன்மையுள்ள வீட்டுச் சோப்பு நீரையோ கரைப்பானையோ பயன்படுத்தியிருந்தால் அதை உங்கள் வழக்கறிஞரிடம் மறைக்காதீர்கள். தோல் இயல்பிலேயே சற்று அமிலத்தன்மை உடையது, காரம் அதைக் கெடுக்கும். எதிர்த்தரப்பு நிபுணர் அதைத்தான் முதலில் தேடுவார். பாலிஷ் பாட்டிலையும் லேபிளையும் பத்திரப்படுத்துங்கள்.

வேறு நிறுவனப் பொருளைப் பயன்படுத்தினால் வாரண்டி ரத்து என்று சொல்வதை அமெரிக்காவின் 1975-ஆம் ஆண்டு மேக்னசன்–மாஸ் வாரண்டிச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. மற்ற நாடுகளிலும், அந்தப் பாலிஷால்தான் இந்தச் சேதம் நேர்ந்தது என்பதை எதன் அடிப்படையில் சொல்கிறீர்கள் என்று எழுத்தில் கேட்க உங்களுக்குத் தடையில்லை.

பலர் கோட்டைவிடும் இடம் ஆதாரம். சொந்தமாகப் பசை போட்டு ஒட்டாதீர்கள். வெளி ஆளை வைத்துத் தோலை மாற்றவும் வேண்டாம். ஏர்பேக் மூடியின் தையலும் அடிப்பகுதியும் குறிப்பிட்ட கோட்டில் கிழியும்படி வடிவமைக்கப்பட்டவை. அங்கே வேறு தோலோ பசையோ ஏறினால் பை விரிவது தடைபடலாம். பிறகு விபத்து நடந்தால் பொறுப்பு யாருடையது என்ற பெரிய சிக்கலும் கிளம்பும். ஆகவே புகாரில் அழகு கெட்டதை மட்டும் எழுதாமல், ‘ஏர்பேக் மூடியின்மேல் உறை எழும்பியுள்ளது, இந்நிலையில் அது பாதுகாப்பாக இயங்குமா என எழுத்தில் தெரிவிக்கவும்’ என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அலட்சியமாகப் பதில் எழுத எந்த நிறுவனமும் துணியாது. அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். சார்பற்ற வாகன மதிப்பீட்டாளரின் அறிக்கை ஒன்றும் வேண்டும்.

அறிக்கையை வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. பிரிட்டனிலும் சிங்கப்பூரிலும் முதல் 6 மாதத்துக்குள்ளும், ஐரோப்பிய ஒன்றியத்தில் குறைந்தது ஓராண்டுக்குள்ளும் தெரியவரும் குறை, பொருளைக் கொடுத்தபோதே இருந்ததாகச் சட்டம் அனுமானிக்கும். 26-ஆவது மாதத்தில் அந்தச் சலுகை இல்லை. மெய்ப்பிக்கும் சுமை உங்கள் தோளில். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சோதனையின்றிக் குறையை முடிவுசெய்ய இயலாதபோது வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையமே பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். உறையை மாற்றித் தருவதாக இருந்தால், கழற்றிய பழைய உறை உங்களிடம் திரும்ப வர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

இதற்கிடையில் நிழலில் நிறுத்துவதும் கண்ணாடிக்குத் திரை வைப்பதும் நல்லது. தவறை ஒப்புக்கொண்டதாக அது ஆகாது. நட்டத்தைக் குறைக்க முயன்றீர்கள் என்பதே பதிவாகும். ஆய்வு முடியும்வரை தோலில் எதையும் பூசாதீர்கள். தூசியை உலர்ந்த மென்துணியால் துடைத்தால் போதும்.

காலவரம்பு நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் வழக்கின் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு. இங்கிலாந்தில் ஒப்பந்த மீறலுக்கு 6 ஆண்டு. சும்மா கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருப்பதால் அந்தக் கடிகாரம் நிற்காது. வாரண்டி முடிய இன்னும் சில மாதங்களே உள்ளன. இந்த வாரமே காரை சர்வீஸ் மையத்துக்குக் கொண்டுபோய், குறையை ஜாப் கார்டில் (சர்வீஸுக்கு விடும்போது அவர்கள் எழுதும் பணிச் சீட்டில்) உங்கள் சொற்களிலேயே பதியச் சொல்லி, தேதியிட்ட நகலை வாங்குங்கள். ‘வாடிக்கையாளர் பராமரிப்புக் குறைவு’ என்று அவர்களாக எழுதியிருந்தால், ‘ஏற்கவில்லை’ என்று குறித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பிறகு விற்பனையாளர், தயாரிப்பாளர் இருவருக்கும் நோட்டீஸ் அனுப்பலாம். ஒருவரை மட்டும் சேர்த்தால் அவர் மற்றவரைக் கைகாட்டுவார்.