ஹெம்ப் பயிரிட முன்பணம் கட்டலாமா?

கேள்வி: தர்மபுரி மாவட்டத்தில் போர்வெல் பாசனத்தோடு 2 ஏக்கர் வைத்திருக்கிறேன். "போதை தரும் டிஹெச்சி என்ற பொருள் 0.3 சதவீதத்துக்குக் கீழே உள்ள ஹெம்ப் இது, கஞ்சா இல்லை. மருந்தில் சேர்க்கும் சிபிடி என்ற பொருளுக்காக எண்ணெய் எடுக்க, பூவை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்" என்று சொல்லி ஒருவர் விதைக்கு முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா ஐயா?

பதில்: வேண்டாம் தம்பி, ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அவர் சொல்லும் 0.3 சதவீதக் கணக்கு, 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் எங்குமே கிடையாது. அமெரிக்காவின் 2018 பண்ணைச் சட்டத்திலும், உத்தரகாண்ட் அரசு தன் உரிமத்துக்கு வைத்த நிபந்தனையிலும் இருக்கிற அளவு அது. ஹெம்ப், கஞ்சா இரண்டுமே கன்னாபிஸ் என்ற ஒரே இனம்; நம் சட்டத்துக்கு அந்த இனத்துச் செடி எதுவானாலும் ஒன்றுதான். அனுமதி இல்லாமல் வளர்த்தால் 20-ஆம் பிரிவின்படி 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். தெரியாமல் விதைத்தேன் என்று சொல்லித் தப்பவும் முடியாது. தெரிந்தே செய்ததாகத்தான் நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. பட்டா உங்கள் பெயரில் இருக்கிறது, அவர் பெயரில் இல்லை.

உத்தரகாண்டில் போடுகிறார்களே என்பார். அங்கே மாநில அரசு உரிமம் தருகிறது. போதைப்பொருள் சட்டத்தின் 14-ஆம் பிரிவு தொழில் தேவைக்கு வழிவிடுவதும் நாருக்கும் விதைக்கும்தான். தமிழ்நாட்டில் விவசாயிக்கு அப்படி உரிமம் கொடுக்கும் ஏற்பாடே இல்லை.

எனக்குப் பெரிதாக உறுத்துவது, அவர் பூவைக் கேட்பதுதான். செடியின் நுனியில் பிசுபிசுப்பாக, நெருக்கமாகக் கட்டியிருக்கும் அந்தப் பூங்கொத்தைத்தான் சட்டம் கஞ்சா என்கிறது. சிபிடி அதிகம் இருப்பதும் அதில்தான். அதை அறுத்து மூட்டை கட்டினால், உங்கள் கையில் இருப்பது கஞ்சா மூட்டை. 20 கிலோவைத் தாண்டிவிட்டால் குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு.

கடையில் ஹெம்ப் விதையும் எண்ணெயும் விற்பது உண்மை. 2021-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அவற்றை உணவாக ஏற்றது; ஆனால் அந்த விதை முளைக்கும் திறன் இல்லாததாக இருக்க வேண்டும். சிபிடி சேர்ந்த மருந்துகள் ஆயுர்வேத உரிமத்தில், மருத்துவர் சீட்டுக்கு வருகின்றன. இவற்றைக் காட்டி யாரும் உங்களை விதைக்கச் சொல்ல முடியாது.

ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் ரசீது, வாட்ஸ்அப் செய்திகளோடு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். விதை வந்திருந்தால் பையைப் பிரிக்காமல் அதையும் ஒப்படையுங்கள். நார்ப்பயிர்தான் ஆசை என்றால் சணப்பு போடலாம். அதற்கு யாரிடமும் அனுமதி வேண்டாம், பசுந்தாள் விதையாகவும் விலைபோகும்.