மேடைப் பேச்சுக்காகக் கைது: ஜாமீனுக்குப் பிறகுதான் கவனம் தேவை

கேள்வி: கல்குவாரிக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தில் என் தம்பி பேசியதை யாரோ துண்டாக வெட்டி வாட்ஸ்அப்பில் பரப்பினார்கள். போலீசார் நள்ளிரவில் வந்து கைது செய்தார்கள். இப்போது நிபந்தனை ஜாமீனில் இருக்கிறான். அமைச்சரைக் கொள்ளைக்காரர் என்றான். "இனி லாரி வந்தால் கொளுத்துங்கள்" என்றது ஆவேசத்தில் வந்த பேச்சு. அவமானப்படுத்திய போலீசார் மீது வழக்குப் போட வேண்டும். ஞாயிறன்று அவனுக்குப் பாராட்டுக் கூட்டமும் வைத்திருக்கிறோம். இந்த நாட்டில் பேச்சுரிமை இருக்கிறதா, இல்லையா?

பதில்: அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு தரும் பேச்சுரிமை இருக்கிறது. அமைச்சரைப் பற்றிச் சொன்னது எவ்வளவு கடுமையாக இருந்தாலும் உங்கள் தம்பி சிறை சென்றதற்கு அது காரணமாக நிற்காது. அதிகம் போனால் அவதூறு வழக்கு. உங்கள் கடிதத்தில் சட்டம் பார்க்கும் வாக்கியம் ஒன்றே ஒன்றுதான்: "கொளுத்துங்கள்". அரசை எவ்வளவு கடுமையாக விமர்சித்தாலும் குற்றமில்லை, வன்முறைக்குத் தூண்டினால்தான் குற்றம் என்ற எல்லையைக் கேதார்நாத் சிங் வழக்கில் 1962-லேயே உச்ச நீதிமன்றம் வகுத்துவிட்டது. இம்ரான் பிரதாப்கடி வழக்கில் 2025 மார்ச்சில், பேச்சின் விளைவைத் திடமனம் கொண்டவரின் பார்வையில் எடைபோட வேண்டும் என்று சொல்லி எஃப்.ஐ.ஆரையே ரத்து செய்தது. ஆகவே நான் முதலில் கேட்பது, அந்தப் பேச்சுக்குப் பின் லாரி எதுவும் தாக்கப்பட்டதா என்பதைத்தான். நீங்கள் அதை எழுதவில்லை. எதுவும் நடக்கவில்லை என்றால் வழக்கை ரத்து செய்யக் கோரும் மனுவுக்கு நல்ல வலு உண்டு. நடந்திருந்தால் நிலைமை வேறு.

நள்ளிரவுக் கைதும் போலீசார் நடத்திய விதமும் உண்மையான குறைகளே. ஆனால் மனித உரிமை ஆணையத்துக்குப் போக ஓராண்டு அவகாசம் இருக்கிறது. குற்றப்பத்திரிகை தாக்கலாகாத இந்த நேரத்தில் அதே காவல் நிலையத்தோடு இன்னொரு சண்டையைத் தொடங்காதீர்கள்.

எனக்குப் பயம் தருவது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்தான். ஜாமீனில் வந்தவருக்கு மாலை போட்டு, கையில் மைக்கைக் கொடுத்து, நாலு பேர் செல்போனில் நேரலை செய்வதும், அவர் உணர்ச்சிவசப்பட்டு முன்பு பேசியதையே இன்னும் உரக்கப் பேசுவதும், காலையில் நிபந்தனைக் கையெழுத்துப் போடப் போன இடத்திலேயே இரண்டாவது வழக்கில் கைதாவதும் நான் பார்த்துப் பார்த்து வருந்திய காட்சி. முதல் வழக்கில் தப்பியிருக்கக்கூடியவர்கள் இப்படித்தான் ஜாமீனை இழக்கிறார்கள். வழக்குகள் அடுக்கப்பட்டால் தடுப்புக் காவல் ஆணைக்கும் காரணம் சேர்கிறது. தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு குண்டர் சட்டத்தில் விசாரணையின்றி 12 மாதம் வரை அடைத்து வைக்கலாம். மே 17 இயக்கத்தின் திருமுருகன் காந்தி மீதான அத்தகைய ஆணையை 2017 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் அதற்குள் அவர் சில மாதங்களைச் சிறையில் கழித்துவிட்டார்.

கூட்டத்தை நிறுத்துங்கள். வன்முறையைத் தூண்டும் நோக்கம் இருந்ததில்லை என்றும், இனி அவ்வாறு பொருள்படப் பேசமாட்டேன் என்றும் உங்கள் தம்பி உயர் நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தந்து, ரத்து மனுவோடு இந்த வழக்கை முடித்துக்கொள்வதே நல்லது. அது போராட்டத்தைக் கைவிடுவதாகாது. குவாரிக்கு எதிரான வழக்கைப் பசுமைத் தீர்ப்பாயத்தில் தனியே நடத்தலாம். ஆனால் "தூண்டியது தவறு" என்ற வாசகம் அந்தப் பிரமாணப் பத்திரத்தில் எங்கும் வரக்கூடாது, வந்தால் அதுவே ஒப்புதல் ஆகிவிடும். காவல் நிலையத்தில் யார் சொன்னாலும் மன்னிப்புக் கடிதம் எழுதித் தராதீர்கள்.

இன்னொன்று: பயத்தில் யாரும் காணொளியை அழித்துவிடக் கூடாது. துண்டு ஏற்கெனவே போலீசாரிடம் இருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் அவர் என்ன பேசினார் என்பதைக் காட்டும் முழுப் பதிவு எதிர்த்தரப்புக்கு அல்ல, உங்களுக்குத்தான் சாட்சி. அதை எடுத்த செல்போனை யாரும் தொடாமல் வைத்து, பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் தயாரிக்க உங்கள் வழக்கறிஞரிடம் இந்த வாரமே ஒப்படையுங்கள்.