பாப்கார்னும் உடல் எடையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: உடல் எடையைக் குறைக்க முயல்கிறேன். பாப்கார்ன் நல்லதா, கெட்டதா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: எதில் பொரித்தது, எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்ற இரண்டையும் எழுதாமல் கேட்டால் பதில் சொல்ல இயலாது என்று பலமுறை எழுதிவிட்டேன், கடிதங்கள் மட்டும் மாறவில்லை. எண்ணெய் இல்லாமல் வெறும் சூட்டில் பொரித்தது என்றால் மூன்று கப் சேர்ந்தும் எடை 25 கிராம்தான். அதில் ஏறத்தாழ 100 கலோரியும் மூன்றரை கிராம் நார்ச்சத்தும் இருக்கின்றன. தவிடு நீக்காத முழுத்தானியம் என்பதால் வயிறும் நிறைகிறது. அதையே ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் பொரித்தால் 220 கலோரி ஆகிவிடும். எண்ணெயைக் கண்ணளவில் ஊற்றாதீர்கள், கரண்டியால் அளந்து ஊற்றுங்கள்.

கேள்வி: ஸ்வீட் கார்னைக் காயவைத்துப் பொரிக்கலாமா? (வாசகர், கோவை)

பதில்: பொரியாது. பாப்கார்னுக்கென்றே உள்ள மக்காச்சோள வகையின் தோல் கெட்டியானது. உள்ளிருக்கும் ஈரம் சுமார் 180 டிகிரி சூட்டில் ஆவியாகி அழுத்தம் ஏறும்போதுதான் அது வெடித்து மலர்கிறது.

கேள்வி: நீரிழிவு உள்ள என் தந்தை தினமும் சாப்பிடலாமா? (வாசகி, மதுரை)

பதில்: மூன்று கப்பில் சுமார் 20 கிராம் மாவுச்சத்து இருப்பதால், அதை அன்றைய உணவுக் கணக்கில் சேர்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் சர்க்கரையைச் சோதித்துப் பார்த்துவிட்டு அளவை முடிவு செய்யுங்கள்.

கேள்வி: நான் வாங்கும் வெண்ணெய்ச் சுவை பாக்கெட்டில் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்றும், கலோரி 140 என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். தினமும் ஒரு பாக்கெட் சாப்பிட்டும் எடை கூடுவது ஏன்? (வாசகர், சென்னை)

பதில்: இந்த அட்டை வாசகத்தை நம்பி ஏமாந்தவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன், ஒவ்வொரு முறையும் மனம் பொறுப்பதில்லை. கொலஸ்ட்ரால் விலங்குகளிலிருந்து வரும் உணவில்தான் உண்டு. தாவர எண்ணெயில் பொரித்த சோளத்தில் அது இல்லை என்று பெரிய எழுத்தில் போடுவதால் உங்களுக்கு ஒரு நன்மையும் இல்லை. பாக்கெட்டைத் திருப்பி, சேர்பொருள் பட்டியலைப் படியுங்கள். எடையில் அதிகமானது முதலில் வரும் அந்த வரிசையில், சோளத்துக்கு அடுத்ததாகப் பாமாயில் இருந்தால், அதன் கொழுப்பில் ஏறக்குறையப் பாதி, ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பு என்பதை நினைவில் வையுங்கள். அடுத்து, அந்த 140 கலோரி முழுப் பாக்கெட்டுக்கா, 30 கிராம் கொண்ட ஒரு சர்விங்குக்கா என்று பாருங்கள். பாக்கெட் 90 கிராம் என்றால் நீங்கள் சாப்பிட்டது 420 கலோரி, அதாவது ஒரு வேளைச் சாப்பாடு. சோடியத்தையும் அப்படியே பெருக்குங்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும், நாளொன்றுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்போ 5 கிராமுக்கும் குறைவு. கேரமல் பூசியதை எடை குறைப்பவர்கள் தொடவே வேண்டாம். வெறும் சோளத்தை வாங்கி, மூடி போட்ட பாத்திரத்தில் வீட்டிலேயே பொரியுங்கள். எண்ணெயை, மறுபடியும் சொல்கிறேன், கரண்டியால் அளந்து ஊற்றுங்கள்.

கேள்வி: மூன்று வயதுக் குழந்தைக்குக் கொடுக்கலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: கூடாது. மூச்சுக்குழாயில் சிக்கும், நான்கு வயது நிறையட்டும்.

கேள்வி: இரவு உணவுக்குப் பதிலாகப் பாப்கார்ன் மட்டும் சாப்பிட்டு வருகிறேன். சரிதானா? (வாசகர், சேலம்)

பதில்: சரியில்லை. மூன்று கப்பில் புரதம் 3 கிராம்தான் கிடைக்கிறது. ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் அதைப்போல நான்கு மடங்கு கிடைக்கும். மாலை ஐந்து மணிப் பசிக்குப் பாப்கார்னை வைத்துக்கொண்டு, இரவில் சுண்டலும் காய்கறியும் சாப்பிடுங்கள்.