குளியலறையின் பழைய திரைச்சீலையைத் தூக்கி எறியாமல் வீட்டில் வேறு எதற்குப் பயன்படுத்தலாம்?

புதுத் திரை மாட்டியாகிவிட்டது. கழற்றிய பழையது ஒரு மூலையில் சுருண்டு கிடக்கிறது. அடிப்பக்கத்தில் கொஞ்சம் கறுப்பு, மேலே இரண்டொரு துளைகளில் கிழிசல், நடுப்பகுதி முழுவதும் பழுதில்லை. எறியவும் மனம் வரவில்லை, வைத்துக்கொள்ளவும் காரணம் தெரியவில்லை. உங்கள் கேள்வியைப் படித்ததும் நான் ஊகித்துக்கொண்ட நிலைமை இதுதான். அழகுப் பொருள்கள் செய்யும் யோசனைகளை எதிர்பார்த்திருந்தால் என் பதில் உங்களுக்கு ஏமாற்றமளிக்கலாம். திரையைக் கீற்றுக்கீற்றாக வெட்டிப் பூச்செண்டு செய்பவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பூச்செண்டு சில மாதங்களில் தூசி படிந்து குப்பைக்குத்தான் போகிறது. என் கட்சி வேறு. இது தண்ணீரைத் தடுப்பதற்கென்றே செய்யப்பட்ட, பெரும்பாலும் 180 செ.மீ. நீளமும் அதே அகலமும் கொண்ட, நடுவில் ஒட்டுத் தையல் இல்லாத ஒற்றை விரிப்பு. வீட்டில் தண்ணீர் எங்கெல்லாம் போகக்கூடாதோ அங்கெல்லாம் இதற்கு வேலை இருக்கிறது.

கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன், உங்களிடம் இருப்பது எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ளுங்கள். கடைகளில் விற்கும் திரைகளில் பெரும்பாலானவை பி.வி.சி. எனப்படும் வினைல், பி.இ.வி.ஏ. எனப்படும் மென்பிளாஸ்டிக், பாலியெஸ்டர் துணி ஆகிய மூன்றுக்குள் அடங்கிவிடும். துணியைக் கண்ணாலேயே அடையாளம் காணலாம். மற்ற இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஓரத்தில் இருந்த சீட்டோ எப்போதோ உதிர்ந்திருக்கும். அப்படியானால் நகத்தளவு ஒரு துண்டை வெட்டி, பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டு கலந்த தண்ணீரில் முழுவதும் அமுக்கிவிட்டு விரலை எடுங்கள். அடியில் தங்கினால் அது பி.வி.சி.; மேலே எழும்பி வந்தால் பி.இ.வி.ஏ. முன்னது தண்ணீரைவிட அடர்த்தி மிகுந்தது, பின்னது குறைந்தது. காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டு மூழ்க வேண்டியதையும் மிதக்கவைத்து ஏமாற்றிவிடாமல் இருக்கத்தான் அந்தச் சொட்டு.

இந்தப் பாகுபாடு வீண் வேலை என்று நினைக்க வேண்டாம். பி.வி.சி. இயல்பில் விறைப்பானது, அதைத் துணிபோல் துவளச் செய்வதற்காகத் தாலேட் போன்ற நெகிழ்வூட்டிகளைக் கலக்கிறார்கள். அவை பிளாஸ்டிக்கோடு வேதிப் பிணைப்பு கொள்ளாமல் வெறுமனே கலந்து நிற்பதால் காலப்போக்கில் கசிந்து வெளியேறுகின்றன. பழைய வினைல் விறைத்து மடிப்புகளில் வெடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களில் சில தாலேட்டுகள் இருக்கக்கூடிய அளவுக்கு அமெரிக்கா 2008இல் சட்டத்தின் மூலம் வரம்பு விதித்தது. எனவே, மூழ்கிய துண்டு உங்களுடையது என்றால், உணவிலிருந்தும் குழந்தைகளிடமிருந்தும் நேரடியாக உடம்பில் படும் இடங்களிலிருந்தும் அதைத் தள்ளியே வைத்துவிடுங்கள். பாலியெஸ்டரில் இந்தக் கவலை குறைவு. அதன் பலவீனம் வேறு. பல துணித் திரைகள் நீரை விலக்கும் பூச்சினால்தான் தண்ணீரைத் தடுக்கின்றன, அந்தப் பூச்சு துவைக்கத் துவைக்கத் தேய்ந்துவிடும். ஒரு காகிதத்தின்மேல் துணியை விரித்து, ஒரு கரண்டித் தண்ணீரை ஊற்றிச் சற்றுநேரம் விட்டுப் பாருங்கள். காகிதம் நனைந்தால் அந்தத் திரை தூசி மூடத்தான் உதவும்.

சுத்தம் செய்வதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கறுப்புப் புள்ளிகள் பூஞ்சை. இளஞ்சிவப்பாக வழவழவென்று படிந்திருப்பது பெரும்பாலும் செராஷியா மார்செசன்ஸ் என்ற பாக்டீரியா. சோப்புக் கசடு இருக்கும் ஈரமான இடத்தில் அது செழித்து வளரும். வெதுவெதுப்பான நீரும் சலவைத் தூளும் மென்மையான பிரஷ்ஷும் போதும். சமையல் சோடாவைத் தூவித் தேய்த்தால் கசடு விரைவில் விடும். சலவை எந்திரத்தில் போடுவதானால், கீழ் மடிப்புக்குள் காந்தமோ எடைக்கட்டியோ இருக்கிறதா என்று தடவிப் பார்த்து அகற்றிவிட்டு, இரண்டு பழைய துவாலைகளைச் சேர்த்து மென்மையான சுழற்சியில் போடுங்கள். துவாலைகள் உரசி அழுக்கை எடுக்கும். சூடான உலர்த்தியில் பிளாஸ்டிக் திரையைப் போட வேண்டாம். பிளீச்சையும் வினிகரையும் எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள். அதிலிருந்து குளோரின் வாயு கிளம்பும். எவ்வளவு தேய்த்தும் போகாத அடிப்பகுதியை ஒரு முழம் அளவுக்கு வெட்டிக் கழித்துவிடுவதே என் வழக்கம்.

இனி, நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணத்துக்கு வருகிறேன். என் தாயார் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தபோது, மருத்துவர் சொன்னபடி ரப்பர் விரிப்பு ஒன்றை வாங்கினோம். அது மெத்தையின் நடுப்பகுதியை மட்டுமே மூடும். ஆனால் படுத்த நிலையிலேயே வாய் கொப்பளிப்பதும் உடம்பைத் துடைத்துவிடுவதும் தலைமாட்டையும் ஓரங்களையும்தான் நனைத்தன. மெத்தை ஒருமுறை உள்வரை நனைந்துவிட்டால் அதை உலர்த்துவது எவ்வளவு பெரிய வேலை என்பது நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களுக்குத் தெரியும். அப்போதுதான் பரணில் மடித்துவைத்திருந்த பி.இ.வி.ஏ. திரை நினைவுக்கு வந்தது.

ஒற்றைக் கட்டில் மெத்தையின் அகலம் ஏறத்தாழ 90 செ.மீ. என்பதால் திரை இருபுறமும் தாராளமாகத் தொங்கியது. நீளத்தில் மட்டும் சற்றுக் குறைந்தது. தலைமாட்டில் சரியாக நிறுத்திக்கொண்டு, அதிகம் நனையாத கால்மாட்டை விட்டுவிட்டேன். வழுக்கும் விரிப்பு நகர்ந்துகொண்டே இருக்குமே என்ற சிக்கலுக்கு, திரையின் மேல்விளிம்பில் இருக்கும் 12 துளைகளே விடை தந்தன. அந்த விளிம்பைச் சுவரோரப் பக்கமாகத் தொங்கவிட்டு, ஒன்றுவிட்டு ஒரு துளையில் நாடாவைக் கோத்துக் கட்டில் சட்டத்தில் கட்டினேன். மறுபக்கத்தை மெத்தைக்கு அடியில் செருகினேன். பிறகு அது இம்மியும் நகரவில்லை. அதன்மேல் மடித்த கெட்டிப் போர்வை, அதன்மேல் பருத்தி விரிப்பு, நடுவில் வழக்கமான ரப்பர் விரிப்பும் அதை மூடிய துணியும் என்பது வரிசை. போர்வை போடுவதற்கு முன் அம்மா சொன்னது இது: “புரண்டா சரசரன்னு சத்தம் கேக்குதுடா, யாரோ பொட்டலம் பிரிக்கிற மாதிரி.” கெட்டிப் போர்வை அந்தச் சத்தத்தையும் அடக்கியது, வியர்வையையும் உறிஞ்சியது. இரண்டாவதுதான் முக்கியம்: பிளாஸ்டிக்கின்மேல் நேரடியாகப் படுக்கவைத்தால் தோல் ஈரத்தில் ஊறும், படுக்கைப்புண் வருவதற்கு அதுவே வழிகோலும். புரட்டிப் படுக்கவைப்பதற்கும் மருத்துவரின் அறிவுரைக்கும் எந்த விரிப்பும் ஈடாகாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் வைத்தியம் சொல்லித்தருகிறேன் என்று யாராவது கிளம்பிவிடுவார்கள்.

பார்க்க வந்த உறவினர் ஒருவர் விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பெற்ற தாயைக் குளியலறைத் திரையிலா படுக்கவைப்பது என்று கேட்டார். அது இன்றும் உறுத்துகிறது. தாயார் படுத்திருந்தது பருத்தி விரிப்பின்மேல். திரை காத்தது மெத்தையை. மெத்தை முழுவதையும் மூடும் நீர்புகா உறைகள் விற்கின்றன என்பது எனக்குத் தெரியாததல்ல. அவற்றைக் கழற்றி மாட்ட நோயாளியை முழுவதுமாகத் தூக்க வேண்டும். இடுப்பு முறிந்தவரை அப்படித் தூக்க முடியாது. என் விரிப்பையோ நாடாவை அவிழ்த்து, அவரைப் பக்கவாட்டில் மெல்லச் சாய்த்து, பாதி பாதியாக உருவிவிடலாம். கேள்வி கேட்பவர்கள் ஓர் இரவு கூடத் தங்கி உதவுவதில்லை என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை, இங்கே சொல்லிவிட்டேன்.

அந்தத் திரையில் மிஞ்சிய இன்னொரு துண்டில் தலையணைக்கு உள்ளுறை தைக்க உட்கார்ந்தேன். அம்மா தையல் தெரிந்தவர். படுக்கையில் இருந்தபடியே கட்டளை வந்தது. “நடுவுல ஊசி போடாதடா. ஊசி போன எடமெல்லாம் ஓட்டைதான்.” துணியில் ஊசி இழைகளை விலக்கிக்கொண்டு நுழைகிறது, தையலைப் பிரித்தால் இழைகள் திரும்பக் கூடிவிடும், பிளாஸ்டிக்கிலோ துளை துளையாகவே நின்றுவிடும். அதனால் குண்டூசி குத்தாமல், துணி உலர்த்தும் கிளிப்புகளால் விளிம்புகளைக் கவ்விக்கொள்ள வேண்டும். தையலை நீளமாக வைக்க வேண்டும். நெருக்கிப் போட்டால் அஞ்சல்தலையின் ஓரம்போல அந்தக் கோட்டிலேயே கிழிந்து வந்துவிடும். எந்திரத்தின் பாதம் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். மேலே மெல்லிய காகிதம் ஒன்றை வைத்துக் காகிதத்தோடு சேர்த்துத் தைத்துவிட்டுப் பிறகு கிழித்து எடுத்துவிடலாம். இஸ்திரிப் பெட்டியை அருகில் கொண்டுபோகாதீர்கள். மடிப்புச் சுருக்கம் போக வேண்டுமானால் சிறிது நேரம் வெயிலில் தொங்கவிட்டால் போதும். இத்தகைய உள்ளுறையைப் பெரியவர்களின் தலையணைக்கு, மேலே பருத்தி உறை போட்டு மட்டுமே பயன்படுத்துங்கள். கைக்குழந்தையின் படுக்கையில் பிளாஸ்டிக் விரிப்பே வேண்டாம், மூச்சு முட்டும் ஆபத்து உண்டு.

அம்மா எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு திரையின் அடுத்த வேலையையும் அவரே முடிவு செய்தார்: தையல் எந்திரத்துக்கு உறை. அது இன்னும் உழைக்கிறது.

மற்ற பயன்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுவருக்கு வண்ணம் பூசும்போது மேசை நாற்காலிகளை மூடப் பிளாஸ்டிக் திரை நல்லது. தரையில் விரிக்கத் துணித் திரையே ஏற்றது. பிளாஸ்டிக்கில் சிந்திய வண்ணம் உறிஞ்சப்படாமல் ஈரமாகவே நின்று, காலில் ஒட்டி வீடு முழுவதும் பரவும், மேலும் வழுக்கும். தொட்டிச் செடிகளுக்கு மண் மாற்றும்போது ஒரு சதுரத் துண்டை விரித்து, நான்கு மூலைகளையும் கிள்ளி கிளிப் போட்டால் விளிம்பு உயர்ந்த தட்டாகிவிடும். மண் சிந்தாது, வேலை முடிந்ததும் ஒரு மூலையை அவிழ்த்து அப்படியே தொட்டியில் சரிக்கலாம். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழுள்ள அலமாரியிலும் இதே உத்தியில் விரிக்கலாம். குழாய் கசிந்தால் மரம் ஊறுவதற்கு முன்பே தண்ணீர் தேங்கிக் காட்டிக்கொடுக்கும். அலமாரி மெருகு பூசிய மரமாக இருந்தால் பி.வி.சி.யைத் தவிர்த்துவிடுங்கள், அதன் நெகிழ்வூட்டி மெருகை இளக்கி ஒட்டிக்கொள்ளக்கூடும். பரணில் உள்ள பெட்டிகளை மூடலாம். அடிப்பக்கத்தைத் திறந்தே விடுங்கள், காற்றில்லாமல் பொதிந்தால் உள்ளே பூசணம் பிடிக்கும். வீட்டில் முடி வெட்டும்போது கழுத்தைச் சுற்றிப் போர்த்தத் துணித் திரைக்கு நிகரில்லை, முடி ஒட்டாமல் உதிர்ந்துவிடும்.

செய்யவே கூடாதவை சில உண்டு. சான்றிதழ்கள், புகைப்படங்கள், ஒளிநகல்கள் ஆகியவற்றை நனையாமல் காக்கிறேன் என்று வினைலில் சுற்றிவைக்காதீர்கள். ஒளிநகலின் எழுத்துகள் நாளடைவில் வினைலில் ஒட்டிக்கொண்டு காகிதத்தைவிட்டு உரிந்து வந்துவிடும். ஆவணக் காப்பகங்கள் பி.வி.சி. உறைகளைத் தவிர்ப்பது சும்மா இல்லை. எந்த பிளாஸ்டிக் திரையையும் ஆண்டுக்கணக்கில் வெயிலில் விட வேண்டாம், புற ஊதாக் கதிரில் நைந்து துணுக்குகளாக உதிர்ந்து மண்ணில் கலந்துவிடும். அடுப்பங்கரைப் பக்கம் தொங்கவிடாதீர்கள்.

இவ்வளவையும் எழுதும்போது ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் இதுவரை கழற்றிய திரைகள் எல்லாவற்றிலும் முதலில் போனது மேலே உள்ள அந்தத் துளைகள்தாம். முழு எடையையும் தாங்குவது அவைதான் என்று தெரிந்தும் அங்கே இரண்டு விரல் அகலத்துக்குக் கெட்டித் துணியை வைத்துத் தைக்க மனமில்லாமல் பிளாஸ்டிக்கையே ஒரு மடிப்பு மடித்துத் துளையிட்டு விற்கிறார்கள். வாங்குபவரும் ஒரு மூலை தொங்கியதும் புதிது வாங்கக் கிளம்பிவிடுகிறார். மேல்விளிம்பில் துணிப்பட்டை வைத்த திரைகளும் விற்பனைக்கு உண்டு. அடுத்த முறை அதைப் பார்த்து வாங்குங்கள். இப்போது உங்களிடம் இருப்பதிலும் கிழிந்தது துளை மட்டும்தான் என்றால், இருபுறமும் நீர்புகா ஒட்டுநாடாவை ஒட்டி, அதன் நடுவில் புதிதாகத் துளையிட்டால், அது இன்னும் பல மாதம் குளியலறையிலேயே தொங்கும். மேலே சொன்ன எந்தப் பயனையும்விட அதுவே முதல் தரமான மறுபயன்பாடு என்பேன்.

எதற்கும் உதவாத துண்டுகளைக் கொளுத்திவிட வேண்டாம், பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சின்கள் என்ற நச்சுப் பொருள்களும் வெளிவரும். பிளாஸ்டிக் வகைகளைக் குறிக்கும் மறுசுழற்சி எண்களில் அதன் எண் 3. அந்த வகையை எடுத்துக்கொள்பவர்கள் குறைவு என்பதால் கேட்டுவிட்டுக் கொடுங்கள். கொக்கிகளை மட்டும் கழற்றிவைத்துக்கொள்ளுங்கள். துணி அலமாரியின் கம்பியில் மாட்டினால் ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு பெல்ட்டையோ கைப்பையையோ தொங்கவிடலாம்.