வாய் பாதிதான் திறக்கிறது, தாடை இறுகிவிட்டது: என்ன காரணம், என்ன செய்யலாம்?

நீங்கள் கேட்டிருப்பது: வயது 26, ஒரு வாரமாக வாய் பாதிக்கு மேல் திறக்கவில்லை, இடது காதுக்கு முன்னால் வலி, தைலம் தேய்த்தும் பலனில்லை, எதனால் வருகிறது, யாரிடம் போவது.

நான் பல் மருத்துவர். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் கிளினிக் வைத்திருக்கிறேன். இதே குறையோடு வருகிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய. முதலில் ஒரு வேண்டுகோள்: காரணம் தெரியும்வரை வாயை வலுக்கட்டாயமாக இழுத்துத் திறக்காதீர்கள். சுளுக்கு எடுப்பவரிடம் போய்த் தாடையைத் திருப்பிவிடச் சொல்லாதீர்கள். தாடையைப் பிடித்து வைத்திருப்பது தசையா, மூட்டா, சீழா, தழும்பா என்பதைப் பொறுத்து வைத்தியமே மாறிப்போகும். தழும்புக்கு விடாமல் பயிற்சி கொடுத்து இழுக்க வேண்டும். சீழ் இருக்கிற இடத்தில் அதே இழுப்பும் தேய்ப்பும் ஆபத்து.

எவ்வளவு திறக்கிறது என்று முதலில் பாருங்கள். உங்கள் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக வரும்படி மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவே வைத்துப் பாருங்கள். மூன்றும் நுழைந்தால் சரி. இரண்டோடு நின்றால் குறைவு. ஒரு விரலே கஷ்டம் என்றால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்குப் பொதுவாக 35 முதல் 55 மில்லிமீட்டர் வரை திறக்கும். பிள்ளைகளின் ஸ்கேலை வைத்து அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். கூடுகிறதா குறைகிறதா என்பது எங்களுக்கு மிகவும் உதவும்.

சில அறிகுறிகள் இருந்தால் இந்தப் பதிலை மேலே படிக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். காய்ச்சலோடு தாடைக்கு அடியில் வீக்கம், எச்சில் விழுங்க முடியாமை, நாக்கு மேலே தூக்கிக்கொண்டது போல இருப்பது, மூச்சுத் திணறல்: இவை கடைவாய்ப் பல்லின் சீழ் கழுத்துக்குள் இறங்குவதன் அடையாளம். அடுத்து, அண்மையில் காலிலோ கையிலோ காயம் பட்டு, டி.டி. ஊசி போடாமல் இருந்து, தாடையோடு கழுத்தும் முதுகும் விறைக்கிறது என்றால் டெட்டனஸாக இருக்கலாம். அது பெரும்பாலும் தாடை இறுக்கத்தில்தான் தொடங்கும். காயம் ஆறியிருந்தாலும் வரும், 3 முதல் 21 நாள் கழித்துக்கூட. இன்னொன்று பலருக்குத் தெரியாது: வாந்தியை நிறுத்தக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு மருந்து சிலருக்கு, குறிப்பாக இளம் வயதினருக்கு, சில மணி நேரத்தில் தாடையையும் கழுத்தையும் இழுத்துப் பிடித்துவிடும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் மாற்று ஊசி போட்டால் சீக்கிரமே விட்டுவிடும். என்ன மருந்து சாப்பிட்டோம் என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இவை எதுவும் இல்லையென்றால் உங்கள் விஷயத்துக்கு வருவோம். 26 வயது, ஒரு பக்கம் மட்டும், ஒரு வாரம். எனக்கு இரண்டு சந்தேகங்கள் முதலில் வருகின்றன.

முதலாவது ஞானப்பல். கீழ்த்தாடையின் கடைசிப் பல் பாதி முளைத்து நிற்கும்போது அதன்மேல் ஈறு ஒரு மூடிபோலக் கிடக்கும். அதன் அடியில் சோறும் கீரையும் போய் அடைந்து, அழுகி, புண்ணாகும். பக்கத்தில்தான் வாய் மூடும் தசை இருக்கிறது. புண்ணின் வீக்கம் அங்கே எட்டியதும் தசை சுருங்கிக்கொள்ளும், வாய் திறக்காது, வலி காதுவரை ஓடும். காதுவலி என்று நினைத்துக் காதில் சொட்டுமருந்து விட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. சுத்தமான விரலால் கடைசிப் பல்லுக்குப் பின்னால் அழுத்திப் பாருங்கள். உயிர்போகிற வலியும் கெட்ட வாடையும் இருந்தால் இதுதான். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் அடிக்கடி கொப்பளித்தால் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும். ஆனால் உள்ளே கழுவிச் சுத்தம் செய்வதும், தேவைப்பட்டால் மருந்தும், பிறகு பல்லை எடுப்பதும் பல் மருத்துவர் வேலை. மருந்துக் கடையில் தானாக ஆன்டிபயாடிக் வாங்கி இரண்டு நாள் போட்டு நிறுத்தாதீர்கள்.

இரண்டாவது தாடை மூட்டு. காதுக்கு நேர் முன்னால் விரலை வைத்து வாயை மெல்லத் திறந்து மூடுங்கள். உள்ளே ஓர் எலும்பு உருள்வது தெரியும். வாய் திறப்பின் முதல் 20, 25 மில்லிமீட்டர் வரை அந்த எலும்பின் தலை இருந்த இடத்திலேயே சுழல்கிறது. அதற்கு மேல் திறக்க வேண்டுமானால் அது தன் குழியை விட்டு முன்னால் நழுவி வர வேண்டும். எலும்புக்கும் குழிக்கும் நடுவே ஒரு ஜவ்வுத் தட்டு இருக்கிறது. அந்தத் தட்டு முன்பக்கம் விலகி, மறுபடி இடத்துக்கு வராமல் வழியை மறித்துக்கொண்டால், வாய் சுமார் இரண்டு விரல் அளவோடு நின்றுவிடும். இதற்கு ஒரு முன்கதை இருக்கும்: பல மாதமாக வாயைத் திறக்கும்போது காதோரம் ‘டக்’கென்று சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். ஒரு நாள் அந்தச் சத்தம் நின்றுபோகும், அன்றிலிருந்து வாய் திறக்காது. சத்தம் நின்றதே, நல்லதுதானே என்று நினைத்துவிடக் கூடாது. கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பாருங்கள். கீழ்த்தாடை இடது பக்கமாகக் கோணிக்கொண்டு போனால், சிக்கல் இடது மூட்டில் என்று அர்த்தம்.

மூட்டும் தசையும் காரணமாக இருந்தால் வீட்டிலேயே செய்யக்கூடியது நிறைய. பலருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே சில வாரங்களில் இருந்து சில மாதங்களுக்குள் நல்ல முன்னேற்றம் கிடைக்கிறது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டால் காலையும் மாலையும் பதினைந்து இருபது நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். தைலத்தை விட ஈரச் சூடு நன்றாக வேலை செய்யும். இட்லி, குழைந்த சாதம், கிச்சடி, கஞ்சி என்று கொஞ்ச நாள் ஓட்டுங்கள். முறுக்கு, கடலை மிட்டாய், கரும்பு, பரோட்டா, சூயிங்கம் வேண்டாம். கொட்டாவி வரும்போது முகவாய்க்கு அடியில் முஷ்டியை வைத்துத் தாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் பழக்கத்தைக் கவனிப்பது. சாப்பிடும் நேரம், விழுங்கும் நேரம் தவிர மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றையொன்று தொடவே கூடாது. இதைப் படிக்கிற இந்த நிமிடம் உங்கள் பற்கள் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ‘ன்’ என்று சொல்லும்போது நாக்கு நுனி எங்கே நிற்குமோ அங்கே வைத்து, உதட்டை மூடி, பற்களைச் சற்று விலக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் தாடை ஓய்வெடுக்கும் நிலை. பயிற்சியும் இதிலிருந்தே தொடங்கும்: நாக்கு நுனியை அந்த இடத்திலிருந்து எடுக்காமல், எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவு மட்டும் மெல்லத் திறந்து மூடுங்கள். ஐந்தாறு முறை, ஒரு நாளில் ஐந்தாறு தடவை. லேசான இழுப்பு இருக்கலாம், சுரீரென்று வலித்தால் நிறுத்திவிடுங்கள். காலையில் எழும்போதே தாடை விறைத்திருக்கிறது என்றால் தூக்கத்தில் பல் நறநறக்கிறீர்கள் என்று சந்தேகிக்கலாம். அதற்கு அளவெடுத்துச் செய்யும் பல் உறை உண்டு. இவ்வளவு செய்தும் மூட்டு விடவில்லை என்றால் ஊசி வழியாக மூட்டுக்குள் உப்பு நீர் செலுத்திக் கழுவிவிடுவார்கள். சின்ன சிகிச்சைதான்.

சமீபத்தில் கீழ்ப் பல்லுக்கு மரத்துப்போக ஊசி போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். ஊசி தசையில் பட்டு, ஓரிரு நாள் கழித்து வாய் இறுகுவது உண்டு. ஒத்தடத்திலும் பயிற்சியிலும் சில வாரத்தில் சரியாகிவிடும். ஞானப்பல் எடுத்த பிறகு வரும் இறுக்கமும் அப்படித்தான். இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கும். இறங்காமல் ஏறினால்தான் கவலை.

இனி, எங்கள் பக்கம் ஏன் இவ்வளவு பேர் வருகிறார்கள் என்பது. நீங்கள் எழுதவில்லை, அதனால் நானே கேட்கிறேன்: பாக்கு போடுகிற பழக்கம் உண்டா? சீவல், பாக்கெட் பாக்கு, மாவா, பான் மசாலா, எதுவானாலும் சரி. புகையிலை சேர்க்காதது என்றாலும் சரி.

வெற்றிலைக்குப் பேர்போன ஊர் எங்களுடையது. தாம்பூலத்தைக் குறை சொல்வது எனக்குச் சுலபமாக வரவில்லை. ஆனால் தினம் நான் பார்ப்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. இருபது இருபத்தைந்து வயதுப் பையன் வந்து உட்காருவான். லோடு வண்டி ஓட்டுகிறவனாக இருப்பான், தூக்கம் வராமலிருக்கப் பாக்கு. ‘காரம் சாப்பிட முடியல டாக்டர், எரியுது’ என்றுதான் ஆரம்பிப்பான். வாயைத் திறக்கச் சொன்னால் இரண்டு விரல் அளவுதான் திறக்கும். உள்ளே விளக்கடித்தால் சிவப்பாக இருக்க வேண்டிய கன்னச் சதை வெளுத்துக் கிடக்கும். கன்னத்தை உள்ளே ஒரு விரலும் வெளியே ஒரு விரலுமாகப் பிடித்தால், மேலிருந்து கீழாகக் கயிறு கயிறாகத் தட்டுப்படும். நாக்கை நீட்டச் சொன்னால் உதட்டைத் தாண்டாது. கன்னத்தை உப்பச் சொன்னால் உப்பாது. உள்நாக்கு சுருங்கிப்போயிருக்கும். வலி அதிகம் இல்லாததால் இத்தனை நாள் அவன் கவலைப்படவில்லை.

பாக்கில் உள்ள அரெகோலின் என்ற பொருள் வாயின் உட்தோலுக்கு அடியில் நார்த் திசுவை அளவுக்கு மீறி உற்பத்தி செய்ய வைக்கிறது, உடல் அதைக் கரைக்கவும் முடியாமல் போகிறது. தோல் தடித்து, தழும்பாகி, இறுகிவிடுகிறது. இந்த நோய்க்கு ‘ஓரல் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ்’ என்று பெயர். 1952-இல் ஸ்வார்ட்ஸ் என்பவர் இதை முதன்முதலில் விவரித்ததே கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் பார்த்துத்தான். கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்த நோயாளிகளை 17 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தபோது 7.6 சதவீதம் பேருக்கு வாய்ப் புற்றுநோய் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை கலக்காத பாக்கையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியது. ‘நான் புகையிலை தொடுவதில்லை, வெறும் பாக்குதான்’ என்று சொல்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பழக்கத்தை விட்டால் இது மேலும் இறுகுவதைத் தடுக்கலாம். இறுகியது முழுசாகப் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது, ஆனால் பயிற்சியாலும் ஊசி மருந்தாலும் நல்ல முன்னேற்றம் கிடைக்கும். பயிற்சிக்கு நான் ஐஸ் குச்சிகளைக் கொடுத்து அனுப்புவேன். கடைவாய்ப் பற்களுக்கு நடுவே எத்தனை குச்சி நுழைகிறதோ அத்தனையை அடுக்கி வைத்துச் சிறிது நேரம் பிடித்திருக்க வேண்டும். பழகியதும் நடுவில் இன்னொரு குச்சியைச் செருக வேண்டும். ஒரு குச்சி கூடுவதற்குச் சில வாரம்கூட ஆகும். மிகவும் முற்றியவர்களுக்கு அறுவை சிகிச்சையில் அந்த நார்களை வெட்டிவிட்டு, கன்னத்துக் கொழுப்பையோ வேறு திசுவையோ அங்கே வைத்துத் தைப்பார்கள். அதற்குப் பிறகும் மாதக் கணக்கில் குச்சிப் பயிற்சி செய்யாவிட்டால் மறுபடி மூடிக்கொள்ளும். கழுத்திலோ வாயிலோ புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுக்கப்போகிறவர்களும் சிகிச்சை தொடங்கும் முன்பே வாய் திறக்கும் பயிற்சியை மருத்துவரிடம் கேட்டு ஆரம்பித்துவிட வேண்டும். இறுகிய பிறகு திறப்பது பெரும்பாடு.

குழந்தை வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். முகவாய்க்கட்டை தரையில் மோத விழுந்த குழந்தைக்கு, தையல் போட்டதோடு விட்டுவிடாதீர்கள். அடி காதோரத் தாடை மூட்டில் போய் இறங்கியிருக்கலாம். கவனிக்காமல் விட்டால் சில சமயம் எலும்பே ஒட்டிக்கொண்டு, வருடங்கள் போகப்போக வாய் திறப்பு குறைந்து, தாடை ஒரு பக்கம் வளராமல் போய்விடும். விழுந்த சில வாரங்களில் வாய் முன்போல் திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

யாரிடம் போவது என்று கேட்டீர்கள். முதலில் பக்கத்தில் உள்ள பல் மருத்துவர். அவர் முழுத் தாடைக்கும் ஒரே படமாக ஓ.பி.ஜி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாலே ஞானப்பல் விஷயம் தெளிவாகிவிடும். மூட்டின் ஜவ்வைப் பார்க்க எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம், எல்லோருக்கும் வேண்டியதில்லை. அடுத்த கட்டம் வாய், முகத் தாடை அறுவை சிகிச்சை நிபுணர். செலவுக்குத் தயக்கம் என்றால் சென்னை, புதுக்கோட்டை, சிதம்பரம் ஆகிய ஊர்களில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, இந்தத் துறை அங்கேயே உண்டு. போகும்போது அளந்து எழுதிய சீட்டு, சாப்பிடும் மருந்துகள், பாக்குப் பழக்கம் இருந்தால் எத்தனை வருடம், ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட் என்பது, கடைசியாக டி.டி. ஊசி போட்டது எப்போது, இவற்றைச் சொல்லுங்கள். ஒரு வாரம் ஆகிவிட்டது என்கிறீர்கள், அதனால் இந்த இரண்டு மூன்று நாளுக்குள் போய்விடுங்கள். கண்ணாடியில் பார்த்துத் தாடை எந்தப் பக்கம் கோணுகிறது, முன்பு சத்தம் இருந்ததா என்பதைக் கீழே எழுதினால் மேற்கொண்டு சொல்கிறேன்.